ஜெயபாரதியும் லட்சுமி நோயும்

ஜெயபாரதிக்கு ஊரில் ‘எச்சில் டாக்டர்’ என்று பெயர். பட்டம் கொடுத்தது அவள் அண்ணன் செல்லதுரை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவு நட்டவளின் மகள்; இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைகளின் எச்சிலை ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. புரதங்களை வெளியே துப்பி, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்ளும். பந்தியில் யாராவது இப்படிச் சாப்பிட்டால் இலையோடு எழுப்பிவிடுவார்கள். செத்த வைக்கோலைத் தின்னும் காளான் துப்புவதெல்லாம் கத்தி மாதிரி. நாரை அறுத்துத் தள்ளும். உயிருள்ள பயிரில் குடியிருக்கும் பூஞ்சையிடம் கத்தி குறைவு, பொய் அதிகம். ‘ஒன்றும் நடக்கவில்லை, தூங்கு’ என்று பயிரை நம்பவைக்கிற புரதங்கள். பார்க்கப் பார்க்க, அவளுக்குக் கத்தியைவிடப் பொய்மேல்தான் பயம் வந்தது.

தை மாதம் ஊருக்கு வந்தவளை அண்ணன் நேராகத் தன் குத்தகை வயலுக்குக் கூட்டிப்போனான்.

“பாத்தியா பாப்பா, லட்சுமி வந்துட்டா.”

கதிர்களில் மணிக்குப் பதில் மஞ்சள் உருண்டைகள்; முற்றியவை கரும்பச்சைப் பொடியாக உதிர்ந்தன. வயல் கொழிக்கிற வருடத்தில்தான் வரும் என்று லட்சுமி நோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் அதில் நோயைக் கழித்துவிட்டு லட்சுமியை மட்டும் வைத்துக்கொண்டது.

“அண்ணே, அதுவும் பூஞ்சைதான். அத நெல்லுன்னு நம்பித்தான் பயிரு பால் ஊத்துது. ஏமாத்தி வாங்கித் திங்குது.”

“அப்ப நம்ம சொந்தக்காரன்தான்.”

“சிரிக்காத. மெஷின் விட்டா பொடி பறக்கும். பக்கத்து வயல்ல கோவிந்தராசு மாமா பின்னாடி நட்ட தாளடி இப்பத்தான் தொண்டைக் கதிரா, கதிர் வெளிய வராம நிக்கிது. பொடி அதுக்குள்ள போயிடும். உருண்டைக் கதிரை மட்டும் பொடி பறக்காம பனி ஈரத்தோட அறுத்துச் சாக்குல கட்டிடுவோம்.”

“லட்சுமிய சாக்குல கட்டச் சொல்ற. நீயெல்லாம் படிச்ச புள்ள.” பிறகு குரலைத் தணித்தான். “மெஷின் வந்து நிக்கிது பாப்பா. இன்னிக்கு அறுக்காம விட்டா மழையில போயிடும். வானத்தப் பாரு.”

வடகிழக்கு கருத்திருந்தது. அவன் சொன்னதும் பொய்யில்லை.

அவள் அரிவாளும் சாக்குமாக இறங்கினாள். சாக்கு பாதி நிறைவதற்குள் பனி காய்ந்துவிட்டது. அறுவடை மெஷின் வயலுக்குள் ஏறியது. அதன் பின்னால் உருண்டைகளின் பொடி கரும்பச்சைப் புகையாக எழுந்து, அவசரமே இல்லாமல், வரப்பைத் தாண்டிப் போனது.

பக்கத்து வயல்காரர் கோவிந்தராசு மாமா தன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

“மாமா, நாளைக்கே மருந்து அடிச்சிடுங்க. இப்ப அடிச்சா கொஞ்சமாவது தப்பிக்கும்.”

“லட்சுமிக்கு எவனாச்சும் மருந்தடிப்பானா கண்ணு?”

தோளில் விழுந்த பொடியை விரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் பயிர் கதிரை இன்னும் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, நல்ல பச்சையாக நின்றது.