அண்ணா பாதியில் விட்ட வால்வு

அண்ணா போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று அண்ணி கேட்டார். அண்ணாவைப் பற்றி நல்லதாக எழுத நான் யோசிக்கவே வேண்டியதில்லை. என்னைப் பற்றி எழுத வேண்டியதுதான் கஷ்டமாக இருக்கிறது. பெரியவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும்.

அண்ணா பிறந்தது இதே கொல்கத்தாவில், பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். வங்கி அதிகாரியாக இருந்த அப்பா திடீரென்று இறந்தபோது, அண்ணா அப்போதுதான் டிப்ளமோ முடித்திருந்தார். அம்மாவும் நானும் அவர் பொறுப்பானோம். ஊரின் தென்கோடியில் ஒரு கோல்ஃப் கிளப்பில், புல் வெட்டும் பெரிய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். சில வருடங்களில் பணிமனை மேற்பார்வையாளர் ஆனார். "படிச்சுப் படிச்சு புல்லு வெட்டவா போறே?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். கோபப்படத் தெரியாத மனிதர். எனக்கு அதுவே சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் விபத்து நடந்தது. நிமாய் என்ற ஓட்டுநர் ஓட்டிய இயந்திரம் குளக்கரைச் சரிவில் நிற்காமல் உருண்டு கவிழ்ந்தது. அவருடைய வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சரிவில் கண்மண் தெரியாமல் ஓட்டியதுதான் காரணம் என்று நிர்வாகம் முடிவு கட்டி, அவரை வேலையிலிருந்து நீக்க ஏற்பாடு செய்தது.

அன்று மாலை அண்ணா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"தப்பு நிமாய் மேல இல்லம்மா. என் மேலதான்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணா நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"அந்த வண்டியில கியர், கிளட்ச் எதுவும் கிடையாது. இன்ஜின் ஒரு பம்பைச் சுத்தும். பம்பு ஆயிலை அழுத்தித் தள்ளும். அது குழாய் வழியாப் போய், சக்கரத்துல இருக்கிற மோட்டாரைச் சுத்திட்டுத் திரும்பப் பம்புக்கே வரும். பெடலை மிதிச்சா பம்புக்குள்ள ஒரு தட்டு சாயும். நிறையச் சாஞ்சா நிறைய ஆயில், வண்டி வேகமாப் போகும். எதிர்ப்பக்கம் சாஞ்சா பின்னால போகும். காலை எடுத்தா தட்டு நேரா நின்னுடும், ஆயில் ஓடாது, சக்கரமும் நின்னுடும். சரிவுல வண்டியைப் பிடிச்சு வைக்கிறதே அந்த ஆயில்தான்."

"அதுக்கு நீ என்னடா பண்ணினே?"

"முந்தின நாள் இன்ஜின் நின்னு போச்சு. அப்படியே இழுத்தா சக்கரம் சுத்தாது, பம்பும் கெட்டுடும். அதனால பைபாஸ் வால்வைத் திறந்து, ஆயிலுக்குக் குறுக்கு வழி விட்டு, ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்தேன். வேலை முடிஞ்சு வால்வை மூடும்போது யாரோ கூப்பிட்டாங்க. பாதியில விட்டுட்டேன். சமதரையில வண்டி கொஞ்சம் மந்தமா ஓடியிருக்கு, அவ்வளவுதான். சரிவுல ஆயில் குறுக்கு வழியில ஓடிடுச்சு, பிடிக்கவே இல்ல. இன்னிக்கு வண்டியைத் தூக்கினப்போ நான் பார்த்தேன். வேற யாரும் பார்க்கல."

அப்போது எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அண்ணாவுக்கு வேலை போனால் என் கல்யாணமும் போய்விடும் என்ற பயம் தலைக்கேறியது. அம்மா அழுதார், வேறெதுவும் சொல்லவில்லை. சொன்னவள் நான்.

"யாரும் பார்க்கலேன்னா நீ ஏன் வாயைத் திறக்கணும்? அவனுக்கு எப்படியும் கால் போச்சு. பழியும் அவனோடவே போகட்டும்."

அண்ணா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் காலையில், தவறு தன்னுடையது என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தார்.

மேற்பார்வையாளர் பதவி போயிற்று. சாதாரண மெக்கானிக்காக அதே பணிமனையில் தொடர்ந்தார். நிமாய்க்கு வேலை நிலைத்தது. கால் எலும்பு கூடிய பிறகு, ஷெட்டில் உட்கார்ந்து பிளேடு தீட்டும் வேலை கொடுத்தார்கள். எனக்கு வந்த வரன் விலகிப் போனது. அதற்கு இதுதான் காரணமா என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் நான் அண்ணாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வழக்கம்போல என்னை "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் எனக்கு நல்ல இடம் தேடிக் கல்யாணம் செய்து வைத்தவரும் அவர்தான்.

கடைசியில் நுரையீரல் நோய் அவரைப் படுக்க வைத்தது. அன்று நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். ஆனால் கட்டிலருகே நிமாய்தா உட்கார்ந்திருப்பார்; நிமாய் அண்ணனை வங்காள வழக்கப்படி அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் முன்னால் எப்படிக் கேட்பது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். ஒரு நாள் காலையில் நான் போய்ச் சேருவதற்குள் அண்ணா போய்விட்டார். பாவி, கேட்காமலே விட்டுவிட்டேன்.

சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், கண் விழித்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், காரியங்கள் முடியும் வரை கூடவே நின்ற பாலிகஞ்ச் அக்கம்பக்கத்தாருக்கும், செய்தி கேட்டதும் ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. விந்தி நடக்கும் காலோடு அண்ணாவின் பாடைக்குத் தோள் கொடுத்த நிமாய்தாவுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடம் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், பெஹாலாவில் அவர் வீட்டுக்குப் போய், நான் அன்று சொன்ன வார்த்தை உட்பட எல்லாவற்றையும் வங்காளத்தில் வாசித்துக் காட்டினேன்.

என்னை எப்போதும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார். வாசித்து முடித்ததும் சொன்னார்:

"இத்தனை வருஷம் தினமும் நாங்க ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம், தீதி. நீங்க இப்படிச் சொன்னீங்கன்னு உங்க அண்ணா ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல."