சூப்பில் போட்ட வேர்

சிங்கப்பூரிலிருந்து வந்த என் நாத்தனார், "மாசாமாசம் வர்ற வலிக்கு அங்க சீனக்காரங்க இத்தத்தான் சூப்புல போடுவாங்க அண்ணி" என்று டாங் குவாய் வேர்ச் சீவல் பொட்டலம் ஒன்றைத் தந்தாள். கோழி சூப்பில் போட்டுக் குடித்தேன். வலி தணிந்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பாத்திரம் சூப் வைத்தால் அது எல்லோருக்கும்தான். இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் என் கணவரும், "சூப்பு தானே, எனக்கும் ஊத்து" என்று இரண்டு வாரமாகக் குடித்தார்.

ஒரு காலை அவர் பல் துலக்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் நிற்கவே இல்லை. காட்டுப்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் உறைய வேண்டிய நேரத்தைவிட மிகவும் தாமதமாக உறைகிறது என்றது பரிசோதனை.

"புதுசா ஏதாவது மருந்து எடுத்தாரா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று நானே முந்திக்கொண்டேன்.

அவரை அட்மிட் செய்தார்கள். எனக்கு உட்காரவே முடியவில்லை. மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேனா? ரத்தம் உறைய உதவும் கீரையைக் குறைத்ததாலா? வராந்தாவில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார்: "பசிக்குது. ஊட்ல அந்த சூப்பு மிச்சம் கீதா?"

டாக்டரிடம் ஓடிப்போய், சூப்பில் போட்ட வேரைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த வேர் இந்த மாத்திரையோட வேகத்தைக் கூட்டிடும். அதைத்தானேம்மா கேட்டேன்?" என்றார் டாக்டர்.

கணவர் நலமாக வீடு திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் எந்த டாக்டர் என்ன கேட்டாலும், நான் அடுப்பில் வைத்ததிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.