அப்பா எழுதாத பக்கம்

அப்பா போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் நீங்கள் அவரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு எதிர்பார்ப்பீர்கள். அதையும் சொல்கிறேன். அதோடு, அப்பா மேல் விழுந்து இன்னும் போகாத ஒரு பழியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வேறு யாரையும் எழுதவிடாமல் நானே உட்கார்ந்தேன்.

அப்பா பிறந்தது ஆரியசாலையில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்து வீட்டில். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம். மலையாளப் பள்ளியில் படித்து, நில அளவை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. மறுமணம் என்ற பேச்சையே அப்பா எடுக்கவிடவில்லை. காலையில் எனக்குச் சடை பின்னி, கோணல் வகிடோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அலுவலகத்துக்கு ஓடுவார். வகிடு கடைசி வரை நேராகவில்லை.

ஓய்வுக்குப் பிறகு, யார் வேண்டுமானாலும் எழுதவும் திருத்தவும் முடிகிற இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எழுதத் தொடங்கினார். ஆரியசாலையின் பழைய தெருக்கள், நகரத்தின் தூர்ந்துபோன குளங்கள், போனக்காட்டுத் தேயிலைத் தொழிலாளர்களின் லய வீடுகள் என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள். போனக்காட்டுக்குப் பஸ் பிடித்துப் போய், அங்குள்ள முதியவர்களிடம் இரண்டு நாள் பேசிவிட்டு வந்தார். அதில் ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

"நாம பாத்தது கேட்டதெல்லாம் ஆதாரமாகாது மக்ளே. அச்சுல வந்திருக்கணும். அதுவும் வேற ஆளு எழுதி வந்திருக்கணும்" என்றார். பிறகு நூலகத்தில் மாதக்கணக்கில் தேடி இரண்டு வரிக்கு ஆதாரம் பிடித்தார். பிடிவாதத்துக்கு அளவே கிடையாது.

அந்தப் பிடிவாதம் எங்கள் மாமாவிடமும் மாறவில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வியாபாரிகள் சங்கத் தலைவராக இருந்தவர். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "மாப்பிளே, நம்மளப் பத்தியும் அதுல ஒரு பக்கம் போடப்பிடாதா?" என்று கேட்டார்.

"போடலாம் அத்தான். உங்களப் பத்தி வெளியாளு யாராவது எழுதியிருக்கணும்."

"சங்கத்து மலர்ல முழுப் பக்கம் வந்திருக்கு, கேட்டியா."

"அது நீங்களே போட்டதாக்கும்."

கலைக்களஞ்சியத்தில் இதற்குக் குறிப்பிடத்தக்கமை என்று பெயர். ஒருவர் நல்லவரா, பெரியவரா என்பது பேச்சில்லை. தொடர்பில்லாதவர்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்பதுதான் பேச்சு. மாமாவுக்கு அது புரியவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர், இரண்டு வருடம் எங்கள் படி ஏறவில்லை.

அதற்குள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றானது. எழுபதாம் பிறந்தநாள் நெருங்கியது. ஊரைப் பற்றியெல்லாம் எழுதியவரைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று எனக்கு ஆதங்கம். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்ற கர்வம் வேறு. டயாலிசிஸ் முடிந்து அப்பா மதியம் தூங்கும்போது, அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, புதுப் பெயர் ஒன்றில் பதிவுசெய்து, அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். 'வரலாற்று அறிஞர்' என்று போட்டேன். ஆதாரம் கேட்ட இடத்தில் அப்பா எழுதிய கட்டுரைகளையே காட்டினேன்.

மாலைக்குள், தற்புகழ்ச்சி என்று சொல்லி, நீக்குவதா வேண்டாமா என்ற விவாதத்தில் அதைச் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பதறியது. யார் எழுதியது என்று சொல்லாமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, 'எல்லோரும் போய் ஆதரவு எழுதுங்கள்' என்றேன். நம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் அங்கே போய், 'எங்கள் சித்தப்பா பல்லாண்டு வாழ்க', 'பெரியப்பா நீடூழி வாழ வணங்குகிறோம்' என்று கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி வரிசையாக எழுதி வைத்தார்கள்.

ஆள் சேர்த்த மோசடி என்று விசாரணை வந்தது. புதுப் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்தவை என்று கண்டுபிடித்தார்கள். பக்கம் போனது. அப்பாவின் கணக்கையும் நிரந்தரமாகத் தடை செய்தார்கள். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடச்சு வையி மக்ளே. கண்ணு வலிக்கி" என்றார். நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பிறந்தநாள் பந்தியில் மாமா உரக்கக் கேட்டார்: "எனக்கு இல்லாத தகுதி ஒனக்கு மட்டும் எங்கேருந்து மாப்பிளே வந்துது?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இலையைப் பார்த்தபடி, "தப்புத்தான் அத்தான்" என்றார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த நான் அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அது.

கடைசி மாதங்களில், போனக்காட்டுக் கட்டுரையில் யாரோ தவறான செய்தி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அப்பா அதைத் தினமும் திறந்து பார்ப்பார். நான் திருத்தட்டுமா என்றேன். "வேண்டாம். நம்ம வீட்டுலேருந்து இனி யாரும் தொடப்பிடாது" என்றார். நல்ல மழை பெய்த ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. அந்தத் தவறு இன்றும் அங்கேயே இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அந்த விசாரணைப் பக்கத்தை முதன்முறையாக முழுதும் படித்தேன். அப்பாவோடு பல வருடம் சேர்ந்து எழுதிய தன்னார்வலர் ஒருவர் அங்கே, 'ஐயா, உங்கள் வீட்டில் வேறு யாராவது செய்திருக்கலாம் அல்லவா?' என்று கேட்டிருந்தார். தப்பிக்க ஒரு வழி காட்டியிருக்கிறார். அப்பாவின் பதில்: 'வீட்டில் இருப்பது நானும் என் மகளும்தான். செய்தது நான்.'

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றே அவர்களுக்கு உண்மையை எழுதினேன். மரியாதையாக இரங்கல் தெரிவித்துவிட்டு, குடும்பத்தினர் கூற்றை ஆதாரமாக ஏற்க இயலாது என்று பதில் அனுப்பினார்கள். அப்பா இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்காரருக்கும், மனத்தாங்கலை மறந்து முதல் ஆளாக வந்து பாடைக்குத் தோள் கொடுத்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா தம்மைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதியதில்லை. அந்தப் பக்கத்தை எழுதியது நான். திதிக்கு வரும்போது யாருக்காவது சிரிக்கத் தோன்றினால், என்னைப் பார்த்துச் சிரியுங்கள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தது போதும்.