வெட்டி எடுத்த குரல்

காலை வண்டி கும்மிடிப்பூண்டியில் நின்றதும் இறங்குகிற கூட்டமெல்லாம் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போகும். அந்தக் கூட்டத்தை முட்டி விலக்கி ஏறிப் பொன்னேரிக்குப் போய் பி.எஸ்சி. படித்தவள் ஏஞ்சலின். அவளுடைய அப்பா ஸ்டீபன், ஊருக்குப் பின்னால் இருக்கிற ரசாயனக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பீப்பாய்களை உருட்டி லாரியில் ஏற்றுகிற வேலை.

போனில் வருகிற செய்தியும் படமும் மெய்யா பொய்யா என்று பார்ப்பது எப்படி என்று கல்லூரியில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு மறந்துபோனார்கள். ஏஞ்சலினும் உடன் படித்த தணிகைவேலும் மட்டும் 'நெசமாப்பா?' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். உப்புக்குத் தட்டுப்பாடு, ரேஷன் கார்டு ரத்து என்று எது வந்தாலும் ஊர்க்காரர்கள் அதில் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டு பேரும் தேடிப் பார்த்துச் சொல்வார்கள். குழுவில் போடுவது ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும்.

மே மாதம் ஒரு சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது. மஞ்சள் புகை, சுருண்டு விழுகிற ஜனங்கள். 'கும்மிடிப்பூண்டியில் கேஸ் லீக், உடனே ஊரைக் காலி பண்ணுங்க' என்று கீழே எழுதியிருந்தது. ஊரே அலறிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடியது. பக்கத்து வீட்டு செண்பகம், சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி, தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

ஏஞ்சலின் வாசலிலேயே நின்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். புகைக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை. அதில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. ஓடுகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். இந்த வெயிலில் எவன் ஸ்வெட்டர் போடுவான்? படத்தைப் போட்டுத் தேடினாள். வடக்கே எங்கோ ஒரு குளிர்காலத்தில் எடுத்த பழைய வீடியோ. கம்பெனியில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டாள். “இங்க ஒண்ணியும் இல்லமா, லோடு ஏத்திக்கினு கீறோம்” என்றார் அவர்.

உடனே குழுவில் பேசி அனுப்பினாள்: “யாரும் ஓடாதீங்க. அது நம்ம ஊரு வீடியோ இல்ல, பழசு. இங்க கேஸ் லீக் எதுவும் இல்ல, எங்க நைனா உள்ளதான் கீறாரு. ஆனா நம்ம ஓடையில வர்ற நாத்தமும் கண்ணெரிச்சலும் பொய்யில்ல. அத நாம கேட்டே ஆவணும். இப்ப பயந்து ஓடி வுழுந்து கைகால ஒடச்சிக்காதீங்க.”

ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அந்த ஒரு வாரம் அவள் தெருவில் நடந்தால் தனி மரியாதைதான்.

கம்பெனிக் கழிவு கலக்கிற ஓடைத் தண்ணீரைப் பற்றி ஊர் ரொம்ப நாளாகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பேசித் தீர்க்க அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி அதிகாரி எழுந்து, தன் போனை மைக் பக்கம் நீட்டினார். ஏஞ்சலினின் குரல் கேட்டது: “இங்க கேஸ் லீக் எதுவும் இல்ல, எங்க நைனா உள்ளதான் கீறாரு.” அதோடு நின்றது.

“உங்க ஊர்ப் பொண்ணே சொல்லிடுச்சு. எல்லாம் வதந்தி” என்றார் அதிகாரி.

“சார், அது பாதிதான் சார்!” என்று ஏஞ்சலின் கத்தினாள். மைக் அவள் கைக்கு வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு செண்பகம் திரும்பிப் பார்த்தாள். “உங்க நைனாவ பர்மனெண்ட் பண்றேன்னு சொன்னானா?”

தான் எடுத்து வைத்திருந்த முழுப் பேச்சையும் அன்றே மறுபடி போடலாம் என்று ஏஞ்சலின் போனை எடுத்தாள். வேலை முடிந்து வந்த ஸ்டீபன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மேஸ்திரி குப்புராஜ் கூப்ட்டுச் சொன்னாரு. பொண்ணு வாய மூடிக்கினா நாளைக்கும் கேட்டு தொறக்குமாம்.”

“நைனா, நான் சொன்னத வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க.”

“நீ சொன்னது பொய்னு நானா சொல்றேன்? என் தோலப் பாரு, எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளு கம்முனு இரு கண்ணு.”

கம்மென்று இருந்தாள். வெட்டிய குரல் சோழவரம் வரைக்கும் போய்ச் சுற்றியது. தணிகைவேல் தினமும் போன் செய்து, “நீ போடலனா நான் போடறேன்” என்பான். “வேணான்டா, வேல பூடும்” என்று கெஞ்சுவாள். மற்றவர்களின் பொய்யைப் பிடிக்க அவளுக்கு வழி தெரிந்திருந்தது. இங்கேயோ பலகையும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை. எங்கே தேடினாலும் அவள் குரல்தான் வந்தது.

ஓடை நுரைத்துக்கொண்டு போன ஒருநாள், செண்பகம் தன் மகளின் வீங்கிய கண்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். அதற்குக் கீழே யாரோ பதிலாக ஏஞ்சலினின் குரலையே ஒட்டினார்கள். பிள்ளையின் சிவந்த கண்ணுக்கு அடியில் தன் பேச்சு ஓடுவதை அவள் பார்த்தாள். அப்பாவிடம் கேட்கவில்லை. முழுப் பேச்சையும் போட்டுவிட்டாள்.

“இப்ப மாத்திப் பேசுது” என்றார்கள் சிலர். “இது ஏஐ-ல செஞ்சது, முன்னாடி வந்ததுதான் ஒரிஜினல்” என்றார்கள் சிலர். நம்பியவர்களும் இருந்தார்கள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு ஆண்களும் அதே கேட்டுக்குள்தான் போய்வந்தார்கள்.

மறுநாள் காலை குப்புராஜ் எல்லாரையும் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார். ஸ்டீபனை மட்டும் கூப்பிடவில்லை. ஸ்டீபன் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. இப்போது அவர் விடியலில் வண்டியேறி மணலிப் பக்கம் வேலை கேட்டுப் போகிறார். சில நாள் கிடைக்கிறது, சில நாள் மதியமே திரும்பிவிடுகிறார். வேறு ஊர் போகலாம் என்றால் இருக்கிற ஒரே வீடு இதுதான். ஓடைக்கரை வீட்டை வாங்க யார் வருவார்கள்?

போன வாரம் செண்பகம் வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“கண் டாக்டர் சனிக்கெழம வர்றாருன்னு போட்டுக்கீது. நெசமா?”

ஏஞ்சலின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். “நெசந்தான்க்கா.”

“இத மட்டும் எப்டி நம்பறது?”

ஏஞ்சலினுக்குச் சுருக்கென்றது. மறுபடி அதே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை அவளிடம் நீட்டினாள். நர்ஸ் இரண்டாம் தடவையாக, சலித்துக்கொண்டே நேரத்தையும் இடத்தையும் சொன்னாள். செண்பகம் கடைசிவரை கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே போனாள்.