மெஸ் அக்கா வெறுத்த சொல்

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதுதான் செய்தி வந்தது. "மெஸ் அக்கா போயிட்டாங்கண்ணே" என்று என் அறைத் தம்பி போனில் அழுதான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வாடகை அறை எடுத்துத் தங்கி, அவர் கையால் சாப்பிட்ட தென்மாவட்டத்து ஆட்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மை மடக்கிக் கத்தி காட்டி போனைப் பிடுங்குவது இந்தச் சாலையில் சாதாரணம். நாமும் இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டு, "ஆட்டயப் போட்டுட்டாம்க்கா" என்று சிரித்தபடி தட்டை நீட்டுவோம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னாடா ஆட்டய? தூங்க சொல்லோ சட்டைலேர்ந்து எட்த்துக்கினு போனா அது ஆட்டய. கழுத்துல கத்தி வச்சா அது கொள்ளடா! ஸ்டேஷன்ல போய் அப்டியே சொல்லு." நாம் போக மாட்டோம். வழக்கு என்றால் லீவு. லீவு என்றால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளை எடுத்துவிடுவார். "உங்களுக்குச் சோறு போடறதே வேஸ்ட்டு" என்று திட்டிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவார்.

பிறகு அவரையே மடக்கினார்கள். காய்கறிப் பையோடு நடந்து வரும்போது, பட்டப்பகலில், கழுத்துச் சங்கிலிக்காக. தடுத்த உள்ளங்கையில் ஆழமான வெட்டு. சேதி கேட்டு ஓடிப்போய், "ஏறுங்கக்கா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்று பைக்கை நிறுத்தினேன். அவர் ஏறவில்லை.

"ஆட்டயப் போட்டுட்டானுங்கப்பா. வுடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "நீங்களா இப்படிச் சொல்லுதீய?"

"அதுல ஒர்த்தன் நம்ம கடைல துன்னவன். வூடு தெரியும், பொண்ணு தனியா கீறது தெரியும். நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

பைக்கை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியிலும் தகரம் கிழித்துவிட்டதாகத்தான் சொன்னார். சர்க்கரை உடம்பு; காயம் ஆறாமல் சீழ் வைத்து, கடைசியில் ஆளையே கொண்டுபோய்விட்டது. தெருமுனை பேனரில் 'உடல்நலக் குறைவால்' என்று போட்டிருக்கிறார்கள். போடச் சொன்னதே மகள்தான். "நான் இங்கயேதான் கடை நடத்தணும்ணா. அம்மா பேரப் போட்டு எதுவும் எழுதிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கோபம் ஒன்றைத்தான். அதை வைத்து என்ன கிழித்துவிட்டேன்? கொள்ளைக்காரன் வெட்டித்தான் அவர் செத்தார் என்று இங்கே எழுதிவிட்டேன். அவர் பெயரை எழுத முடியவில்லை.