என் தொண்டைக்கு இரண்டு விலாசம்

போன வாரம் எனக்கு இருமல். நீங்கள் நினைக்கிற சாதாரண இருமல் இல்லை. பத்தி எழுதுகிறவனின் இருமல்!

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் டாக்டர் தொண்டையைப் பார்த்தார். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"உப்புத் தண்ணி கொப்புளியும். ஜுரம் வந்தா மூணு நாள் கழிச்சு வாரும்."

அவ்வளவுதான். ஊசி? இல்லை. மாத்திரை? அதுவும் இல்லை. உப்புத் தண்ணீருக்கா ஒரு டாக்டர்?

வீட்டுக்கு வந்தால், மாடி வீட்டுக்காரர் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார். "இதே டாக்டர் சாயங்காலம் தாராவியில உட்கார்றார் சார். அங்கே இருமினா பென்சிலின்தான்!"

அதெப்படி? தாராவி இருமலுக்கு ஊசி, மாட்டுங்கா இருமலுக்கு உப்பா?

சாயங்காலம் லுங்கி கட்டிக்கொண்டேன். தலையைச் சுற்றி மஃப்ளர். கண்ணாடியில் பார்த்தேன்... எனக்கே என்னைத் தெரியவில்லை.

தாராவியில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் இசக்கிமுத்து என்று ஒருவர். திருநெல்வேலிப் பக்கம், தோல் பதனிடும் இடத்தில் வேலை. நாலு நாளாகக் காய்ச்சலாம். ஒவ்வொரு இருமலுக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் போவலன்னா வேற ஆளப் போட்டுருவான், அண்ணாச்சி. சேட் நேத்தே சொல்லிட்டான்."

நானும் இருமிக் காட்டினேன். கொஞ்சம் தாராளமாகவே.

"அய்யோ, ஒங்களுக்கு ரொம்பல்லா இழுக்கு! நீங்க முன்னால போங்க."

போனேன். வெட்கமில்லாமல் போனேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆ காட்டு" என்றார். காட்டினேன்.

"எங்கே வேலை?"

"தோல் கிடங்கு." என் மேல் சந்தனப் பவுடர் வாசனை!

"ஊசி போட்டுடு" என்றார் கம்பவுண்டரிடம். ஜெயித்துவிட்டேன்!

"டாக்டர், பென்சிலின் இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. இனி நாளைக்குத்தான் வரும்."

திரைக்கு வெளியே இசக்கிமுத்து இருமினார். அதில் நடிப்பு இல்லை.

"எனக்கு வேண்டாம் டாக்டர்... நான் மாட்டுங்கா."

டாக்டர் என் மஃப்ளரை இழுத்தார். "அதானே! இந்தத் தொண்டையை எங்கேயோ பார்த்தாப்ல இருந்துதே! உப்புத் தண்ணி கொப்புளிச்சீரா?"

"இன்னும் இல்லை."

"ஓய், நீர் சும்மா இருமினாலே நாளைக்கும் வருவீர், மறுநாளும் வருவீர். காத்திருந்து பார்க்கலாம். இவாளால வரமுடியுமா? லீவு போட்டா வேலை போயிடும். அதனால வந்த அன்னிக்கே குத்திடறேன். பாதிப் பேருக்கு அது அநாவசியம்தான். யார் அந்தப் பாதின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் தொண்டையை மட்டும் பார்ப்பதில்லை. விலாசத்தையும் பார்க்கிறார். அது சரியா, தப்பா? அவருக்கே தெரியவில்லை. எனக்கு என்ன தெரியும்?

நான் வெளியே வர, இசக்கிமுத்து உள்ளே போனார்; திரை இடுக்கில் பார்த்தேன். அவர் நெஞ்சில் குழாயை வெகுநேரம் வைத்திருந்தார் டாக்டர். பிறகு ஊசி. நாளையும் மறுநாளும் வேலை முடிந்து எவ்வளவு நேரமானாலும் தம் வீட்டுக்கே வந்து போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இசக்கிமுத்து கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். அப்போதும் என்னைப் பற்றித்தான் கவலை.

"எனக்கு எறும்பு கடிச்சாப்லதான் இருந்துச்சு. ஒங்களுக்கு ஊசி ரொம்ப வலிச்சுதோ, அண்ணாச்சி?"

வலித்தது என்றேன். அன்று அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.