மல்லிகாவின் கத்தரியும் காட்டுச் சருகும்

இரண்டு மாதம் முன்பு ஒரு காலை... பக்கத்து நிலத்து மல்லிகா என் வாசலில் வந்து நின்றாள். கையில் வேரோடு பிடுங்கிய கத்தரிச் செடி. இலையெல்லாம் மஞ்சள்.

"மொத்த கொல்லையும் இப்டித்தான் கீது, அக்கா" என்றாள்.

திருப்புலிவனத்தில் அவர்களுக்கு அரை ஏக்கர். கணவர் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதால் பயிர் வைப்பது மல்லிகாதான். இந்த முறை கத்தரி தேறவில்லையென்றால் நிலத்தைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்று கொழுந்தன் முருகன் கறாராகச் சொல்லியிருந்தான். கணவரும் சரி என்றுவிட்டார்.

அப்படி என்ன செய்தாள்? யூடியூபில் யாரோ கேட்டிருக்கிறார் — காட்டுக்கு யார் யூரியா போடுகிறார்கள்? நியாயமான கேள்விதானே! நம் பக்கம் புங்கன் தழையைப் பச்சையாக வெட்டி வயலில் மிதிப்பது வழக்கம். மல்லிகாவோ ஏரிக்கு அந்தப் பக்கக் காட்டிலிருந்து டிராக்டர் நிறையக் காய்ந்த சருகை அள்ளி வந்து, உழுது, மறுவாரமே நாற்று நட்டுவிட்டாள்.

மண்ணியல் படித்த சிநேகிதிக்கு போன் போட்டேன். சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

விஷயம் இதுதான். மரம் சரியான கஞ்சம்! இலையை உதிர்க்கும் முன்பே அதிலுள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். கீழே விழும் சருகில் கார்பன்தான் அதிகம். அதைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் வேண்டுமே? சருகில் போதவில்லையென்றால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி. காட்டில் சருகு மேலாகக் கிடந்து மெதுவாக மக்கும். நுண்ணுயிர்கள் செத்ததும் அந்தச் சத்து மரத்துக்கே திரும்பிப் போகும். காட்டுக்கு அவசரமில்லை. மல்லிகாவுக்கு இருந்ததே!

இப்போதைக்குக் கொஞ்சம் யூரியா போடச் சொன்னாள் சிநேகிதி. மல்லிகா போட்டாள் — முருகன் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்து. தெரிந்தால் அதையே சாக்காக வைத்து நிலத்தைக் கேட்பானே!

செடி பச்சை பிடித்தது. போன வாரம் முதல் பறிப்பு. நிலம் இனி மல்லிகாவிடமேதான் என்று ஆகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காய்ப்பைப் பார்த்த முருகனுக்கு, எல்லாம் சருகின் வேலை என்று நினைத்து, ஆசை வந்துவிட்டது. தன் நிலத்துக்கும் சருகு அள்ள டிராக்டரைக் கிளப்பினான். குழியில் போட்டு மக்கவைத்துத்தான் போடுவானாம். மல்லிகா குறுக்கே போய் நின்றாள்.

"நான் ஒரு தபா வாரினதே தப்பு. நீயும் வாரிக்கினு வந்துட்டா அந்த மரம் இன்னாத்த துன்னும்?"

முருகன் இன்ஜினை அணைத்தான். அண்ணி சொன்னால் சொன்னதுதான் — இப்போதெல்லாம்!